உப்பு வெள்ளை, தேரிச் சிவப்பு

கிழக்குக் கடற்கரையில் மாலை வெளிச்சத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மேற்கே திரும்பி நிற்பார்கள். பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை எடுத்துக்கொண்டு, அது மறைந்த மறுநிமிடம் ட்ரைபாடை மடக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் கரையின் நல்ல வேளை அப்போதுதான் தொடங்குகிறது. பொழுதடைந்த கொஞ்ச நேரத்தில், கடலுக்கு மேலே கீழ்வானத்தின் அடியிலிருந்து சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும். அது பூமியின் நிழல். நாம் நிற்கும் பூமியே தன் நிழலைக் காற்றுமண்டலத்தின் மேல் போடுகிறது. அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. இரண்டும் சேர்ந்தே ஏறி, கால் மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். அந்தக் கால் மணி நேரம் கரையில் எதற்கும் கடுமையான நிழல் கிடையாது. இழுத்துப் போட்ட வள்ளத்தின் பக்கப் பலகை, அதில் உரிந்து நிற்கும் பச்சைப் பெயின்ட், அதற்கடியில் எட்டிப்பார்க்கும் போன வருஷத்து நீலம், கவிழ்த்து வைத்த நண்டுக்கூடை எல்லாம் தத்தம் நிறத்தோடு தெரியும். மேற்கே பார்த்து நிற்கிறவருக்கு இதெல்லாம் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும்.

நான் படமெடுக்கும் கரை பெரியதொன்றுமில்லை. வடக்கே தருவைகுளம், தெற்கே மணப்பாடு. நடுவில் தூத்துக்குடி உப்பளங்கள், புன்னைக்காயலில் தாமிரபரணியின் முகத்துவாரம், காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரப்பட்டினம். உடன்குடிப் பக்கம் உள்ளே திரும்பினால் செம்மணல் மேடுகளான தேரிக்காடு. காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். கல்யாண சீசனில் கல்யாணம், மற்ற நாளில் கரை என்று இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

தொழில் கற்றது தூத்துக்குடியில் ஒரு ஸ்டூடியோவில். அப்போது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு-வெள்ளைத் தாள்தான் எங்கள் இருட்டறையில் புழங்கியது. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த தொழிற்சாலை அது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ஒரு தலைமுறையின் முகங்கள் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. எங்களுக்கு வேலை பெரும்பாலும் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில். கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைச் சேலை, புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளை முக்காடு, பின்னால் சுண்ணாம்பு அடித்த கோயில் சுவர். "லேசு தெரியணும்ல, வெள்ளைக்குள்ள வெள்ளை தெரியணும்" என்பார் ஸ்டூடியோ அண்ணாச்சி. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். வெள்ளைக் கவுனைக் காட்டினால் அழுக்குக் கவுனாக்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் லேஸின் ஓட்டைகள் அழியாமல் நிற்கும் என்பதை அவரிடம்தான் படித்தேன். பிற்பாடு உப்பளத்துக்குள் கேமராவோடு போனபோது எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

உப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்திய உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டம். ஊரைவிட்டு எந்தப் பக்கம் வெளியேறினாலும் பாத்திகள்தான். உச்சி வெயிலில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி ஓர் உப்புக் குவியலை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு வெள்ளையும் நீலமும் மட்டும் கிடைக்கும். அளத்தில் வேலை தொடங்குவது விடியக்கருக்கலுக்கும் முன்னால். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் போனால் பாத்தித் தண்ணீரின் நிறங்களைப் பார்க்கலாம். முதலில் தேக்கும் தெப்பத்தில் நிற்கும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர்போலவே இருக்கும். பாத்தி பாத்தியாக மாற மாற, உப்பு ஏற ஏற, பச்சையாகிப் பின் செம்மை தட்டும். கடும் உப்பில் மட்டுமே வாழும் நுண்பாசியும் நுண்ணுயிர்களும் கொடுக்கிற நிறம் அது. தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். இருபத்து நான்கு, இருபத்தைந்தைத் தொடும்போதுதான் உப்பு இறங்கத் தொடங்கும். அளத்தில் நெடுநாள் வேலை செய்கிறவர்கள் மானி போடாமலே நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். படமெடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல நிறப் பாடம் கிடையாது.

ஒருமுறை ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு அளத்தில் அனுமதி கேட்டு நின்றேன். வாருபலகையோடு நின்ற அக்கா, "எங்களப் புடிச்சு என்ன தம்பி செய்யப் போறிய?" என்றார். பத்திரிகைக்கு என்றேன். "மூஞ்சி வேண்டாம். தலையில துணியக் கட்டிக்கிட்டுக் கறுத்துப்போய்க் கெடக்கேன். கல்யாண வீட்டுல பாத்தா எடுங்க." சரியென்று கேமராவைத் தாழ்த்தினேன். அவர் கொஞ்ச நேரம் வாரிவிட்டு, பக்கத்துப் பாத்தியைக் காட்டி, "இதப் பாத்தியளா, காத்து வாரதுக்குள்ள எடுங்க" என்றார். குனிந்து பார்த்தேன். அசையாத தண்ணீரின் மேல் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதந்தன. சுண்டுவிரல் நகத்தளவு. ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் படிப்படியாக உள்ளிறங்கும் தெப்பக்குளத்தைப்போல நடுவில் குழிந்திருந்தது. உப்பு மேல்மட்டத்தில் முதலில் கட்டும்போது விளிம்பு வேகமாக வளர்வதால் நடு குழிகிறது, குழிந்திருப்பதால் மிதக்கிறது. காற்று வந்து தண்ணீர் அலைந்ததும் கவிழ்ந்து அடியில் போய்விடும். வரப்பில் வயிற்றை வைத்துப் படுத்து, சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி மேக்ரோ லென்ஸைத் திருப்பினேன். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெளிச்சம் ஒரு மயிரிழையாக நின்றது. கச்சான் எழும்பியது, சதுரங்கள் போய்விட்டன. அந்த அக்கா அதற்குள் மூன்று பாத்தி தள்ளிப் போயிருந்தார்.

முகத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருந்த உரிமையை நான் பெரிதாகவே நினைக்கிறேன். வெள்ளை எதிரொளிக்கும் அந்தக் கண்கூச்சத்தை நாங்கள் சில மணி நேரம் தாங்கிவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறோம். அவர்கள் வெறுங்கண்ணோடு வருஷக்கணக்கில் நிற்கிறார்கள். பார்வை மங்கிப்போகிறது, பாதம் வெடித்து உப்பு ஏறுகிறது. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலுக்காக இங்கே வந்து இந்த வாழ்க்கையை நேரில் பார்த்துத்தான் எழுதினார். வெள்ளைக் குவியலை மட்டும் அழகாகக் காட்டும் படம் பாதிப் படம். வாருபலகையின் பிடியில் கைபட்டுப் பட்டு மினுங்கும் இடத்தையாவது அதோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கரையில் வெளிச்சத்தை முடிவு செய்வது காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கடல்காரர்கள் திசைக்கொரு பெயர் வைத்து வாழ்கிறார்கள். கேமராக்காரனும் அப்படித்தான் வாழ வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது கடலும் காற்றும் ஒன்றாகிவிடும். தூரம் எதுவும் தெளியாது, லென்ஸின் மேல் ஐந்து நிமிடத்தில் உப்புப் படலம் கட்டிவிடும். அது தேரியின் காலம். கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த மறுநாள்தான் வானத்துக்கான நாள். பங்குனி, சித்திரையில் கடல் தட்டையாகத் தெளிந்து கிடக்கும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதை இந்த மாதங்களை ஒட்டித்தான் வைத்தார்கள். தூத்துக்குடியில் 1961இல் கடைசியாகக் குளித்தார்கள். புன்னைக்காயல் பெரியவர் ஒருவர் அப்போது சின்னப் பையனாம். "அடியில கெடக்குற சங்கு மேலேருந்தே தெரியும் தம்பி. அந்த நேரம் பாத்து வாங்க, சும்மா ஆடியில வந்து நிக்காதிய" என்று அவர் சொன்னதிலிருந்து என் நாட்காட்டியே மாறியது.

சித்திரையில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாள் படகுகள் கடலுக்குப் போகாது. சிலவற்றைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டுவார்கள். தண்ணீருக்கு மேலே வந்துவிட்ட அந்த அடிவயிற்றில் ஒட்டிக்கிடக்கும் சிப்பிகள், தச்சர் புதுப் பலகை செருகிய இடம், புதிதாக எழுதப்படும் மாதா பெயரின் ஈரம். டீட்டெயில் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: தடைக்காலத்தில் வாருங்கள், தச்சரிடம் முதலில் பேசுங்கள்.

தேரிக்கு வருகிறேன். குதிரைமொழித் தேரியின் மணல் சிவப்பு இரும்பு ஆக்சைடு கொடுத்தது. ஒவ்வொரு மணல் துகளிலும் துருவின் மெல்லிய பூச்சு. டிஜிட்டல் கேமராவுக்கு இந்தச் சிவப்பு பெரிய சோதனை. ஆட்டோவில் விட்டால் வெள்ளைச் சமன் என்ற பெயரில் சிவப்பைப் பழுப்பாக்கிவிடும். அதனால் பகல் வெளிச்சத்துக்கு நிலைநிறுத்திவிடுவேன். உப்பளத்துக்கு நேர்மாறாக இங்கே வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மூன்று நிறத்தில் சிவப்புத்தான் முதலில் நிரம்பி வழியும். வழிந்துவிட்டால் மணலின் வரிகள் எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். லென்ஸ் மாற்றுவது வண்டிக்குள் கண்ணாடி ஏற்றிய பிறகுதான். ஆடிக்காற்றில் மணல் தரையோடு ஊர்ந்து போவதைக் கணுக்கால் உயரத்தில் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். நாம் நடந்துவந்த தடம் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி மூடியிருக்கும். இதற்கு நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையில் தண்ணீர் நிற்கிறது. அதைச் சுற்றிய பச்சையையும் பின்னால் எழும் செம்மேட்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர ஓர் இடம்தான் உண்டு, அதைத் தேடிப்பிடிப்பதில் ஒரு சுகம்.

தேரி மணலில் சில சமயம் சிறிய கல்சில்லுகள் கண்ணில் படும். நுண்கற்காலத்து மனிதர் செதுக்கியவை அவற்றில் இருக்கக்கூடும். சாய்னரும் ஆல்சினும் 1956இல் இந்தத் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு உலகத் தொல்லியலாளருக்கே தெரிந்த இடம் இது. பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படமெடுங்கள். சில்லை எடுத்துப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்தை இழந்த கல்லுக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

மணப்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கடலுக்குள் நீண்ட மணற்குன்று, அதன் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், அடியில் 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கிணறு. கரையிலிருந்து கோயிலை அண்ணாந்து எடுக்கும் படத்தைச் சிவகாசிக் காலண்டர்காரர்கள் எப்போதும் வாங்குவார்கள். நானும் கொடுத்திருக்கிறேன், வீட்டுக்கு அரிசி வந்திருக்கிறது. ஆனால் அந்த ஊரில் நான் திரும்பத் திரும்பப் போவது குன்றின் பாறைக்காக. மணலே இறுகிப் பாறையான இடம். எப்போதோ காற்று மணலைக் கொண்டுவந்து சரித்த சரிவுகள் அதில் சாய்ந்த வரிகளாக அப்படியே நிற்கின்றன. அலைத் துமியின் உப்பு அரித்து அரித்துச் சில இடங்களில் தேனடைக் கண்கள். காலை எட்டு மணிக்குள் சூரியன் பாறையை உரசிக்கொண்டு வரும்போது எடுத்தால் ஒவ்வொரு வரியையும் விரலால் தொடலாம் போலிருக்கும். ஒன்பது மணிக்கு அதே பாறை வெறும் மஞ்சள் சுவர்.

கீழே ஈர மணலிலும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் உண்டு. அலை இறங்கும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு, கனமான கறுப்பையும் சிவப்பையும் விட்டுச்செல்லும். கறுப்பில் கிளை, கிளைக்கு நடுவே செந்நிறக் கரை. அடுத்த அலை வரும்வரைதான் அதற்கு ஆயுள். ஷட்டரை அரை வினாடிக்கு வைத்தால் இறங்கும் தண்ணீர் மெல்லிய கோடுகளாகப் பதிந்து, மணல் அசையாமல் நிற்கும். போலரைசர் போட்டுத் திருப்பி மேல்பளபளப்பைக் கொஞ்சம் மட்டும் எடுத்துவிட வேண்டும். முழுக்க எடுத்துவிட்டால் ஈரமே போய்விடும்.

கருவிகளுக்குக் கடல் பகை. வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாடின் காலைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசுவது, லென்ஸை முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, கடைசியாகத்தான் துடைப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் மாற்றுவது. இவ்வளவுதான். காய்ந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காமல் இருந்தாலே லென்ஸ் பாதி பிழைத்துவிடும்.

பக்கத்தில் இருப்பதையே ஆயுள் முழுக்கப் பார்க்கிற இந்தப் பழக்கத்துக்கு எனக்கு ஆசான் மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும்வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். வெவ்வேறு உறுப்புகளை இணைத்துத் தானே உருவாக்கிய கேமராவில் கறுப்பு-வெள்ளையிலேயே எடுத்தார். யானையைப் பார்த்த அதே அக்கறையோடு கொல்லைப்புறத்து அணிலையும் பார்த்தவர். நான் அவரை நேரில் கண்டதில்லை. அவருடைய படங்களைப் பார்த்துத்தான், அழகாக இருப்பதற்கு முன்னால் ஒரு படம் சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் ஊன்றியது.

அந்த எண்ணம் என்னைப் பிடித்து உலுக்கியது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறியது. உப்பளங்கள் மூழ்கின, சேர்த்து வைத்திருந்த அம்பாரங்கள் கரைந்துபோயின, வரப்பும் பாத்தியும் ஒரே சேறாயின. தண்ணீர் வடிந்த சில வாரத்துக்குப் பிறகு ஓர் அளக்காரர் தேடிவந்தார். "அண்ணாச்சி, நம்ம அளத்துல நீங்க எடுத்த படமெல்லாம் இருக்கா? மதகு எங்கன இருந்துச்சு, நடு வரப்பு எப்படி ஓடுச்சுன்னு பாக்கணும்." கணினியில் வரிசையாகக் காட்டினேன். பரிசு வாங்கிய படம் ஒன்றில் வானமும் அதன் பிரதிபலிப்பும் இருந்தன. வரப்பு ஒன்றுகூட இல்லை. பூநாரைகள் நிற்கும் படத்தில் பின்னணி முழுவதும் மங்கல். கடைசியில் அவருக்குப் பயன்பட்டது, மோட்டார் ரூம் மேலேறி நின்று அளம் முழுவதும் தெரியும்படி எஃப் 11இல் எடுத்த ஒரு சாதாரணப் படம். மதகு, வரப்பு, ஓரத்து உடைமரம், எல்லாம் இருந்தன. பெரிய தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு வேலையாட்கள் அளந்து நடந்ததை நேரில் பார்த்தேன்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும், எனக்குப் பிடித்த படங்களை எடுத்த பிறகு, அந்த இடம் முழுவதும் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றும் எடுத்துவிடுகிறேன். 35 மி.மீ. லென்ஸ், நெஞ்சு உயரம், அடுத்தமுறை வந்தாலும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு நிலையான அடையாளத்தின் பக்கம். நாள், நேரம், கேமரா பார்த்த திசை மூன்றையும் குறித்துவிடுவேன். மணப்பாட்டில் கருமேனியாற்று முகத்தை அடைக்கும் மணல்மேட்டைக் கோயில் சுற்றுச்சுவரின் ஒரே இடத்திலிருந்து இப்படித் தொடர்ந்து எடுத்துவருகிறேன். மேடு வளர்வதும், வெள்ளம் வந்து உடைப்பதும், மறுபடி மூடுவதும் வரிசையாக வைத்தால் தெரிகிறது.

கரை இப்போது வேகமாக மாறுகிறது. கடலரிப்பைத் தடுக்க, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவை ஊருக்கு ஊர் கேட்கிறார்கள், கட்டுகிறார்கள். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால், கல்வளைவின் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கடல் அரிக்கும்; ஓர் ஊரில் தடுத்த அரிப்பு அடுத்த ஊரின் வாசலுக்குப் போய்நிற்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே தண்ணீருக்குள். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், அதில் பனையும் உடையும் தேரி மணலும். நாட்டுக்கு அது தேவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்த நிலம் எப்படி இருந்தது என்பதற்கும் ஒரு பதிவு தேவை. அதனால் வேலிக்கு வெளியே, பொதுச்சாலையில் நின்று தெரிகிற பனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்: முழு மரம் ஒன்று, ஏறி ஏறித் தேய்ந்த அடிமரம் கிட்டத்தில் ஒன்று.

வருகிற பங்குனியில் பெரியதாழைவரை தூண்டில் வளைவுகளின் இரு பக்கத்தையும் கடலிலிருந்து எடுக்க வேண்டும். கரையில் நின்றால் மணல் சேர்ந்த பக்கம் மட்டும்தான் ஒழுங்காகத் தெரிகிறது. புன்னைக்காயல் பெரியவரின் மகன் ஃபைபர் படகு தருவதாகச் சொல்லியிருக்கிறார். டீசல் என் பொறுப்பு. காற்றைப் பார்த்து நாள் குறிப்பது அவர் பொறுப்பு.